யூஎஸ்பி – எச்டிஎம்ஐ அடாப்டர், உபுண்டு 24.04: டிரைவர் போட்டும் இரண்டாவது மானிட்டரில் "நோ சிக்னல்"

கோடைமழை:

வணக்கம். லேப்டாப்பில் உள்ள ஒரே எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு மானிட்டர் ஏற்கெனவே ஓடுகிறது. இன்னொரு மானிட்டரையும் (1920×1080, 60 ஹெர்ட்ஸ்) சேர்ப்பதற்காக யூஎஸ்பி 3.0 – எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கினேன். பெட்டியின் மேல் விண்டோஸ், மேக் என்று மட்டும்தான் அச்சடித்திருக்கிறது.

உபுண்டு 24.04, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 6.8, க்னோம் டெஸ்க்டாப், வேலண்ட் திரை அமைப்பு. இன்டெல் கிராபிக்ஸ்தான், தனி கார்டு கிடையாது. செருகிய யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்தால் 17இ9 என்று தொடங்கும் ஐடியும் பக்கத்தில் டிஸ்ப்ளேலிங்க் என்ற பெயரும் வருகின்றன.

டிஸ்ப்ளேலிங்க் சிப்பின் நிறுவனமான சினாப்டிக்ஸ் தளத்திலிருந்து ரெப்பாசிட்டரிக்கான (பேக்கேஜ் களஞ்சியம்) கீரிங் டெப் ஃபைலை இறக்கிப் போட்டேன். பிறகு ஆப்ட் மூலம் டிஸ்ப்ளேலிங்க்-டிரைவர் பேக்கேஜை நிறுவினேன். நிறுவும்போது நடுவில் செக்யூர் பூட் பற்றி ஏதோ சொல்லி ஒரு பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆகும்போது நீல நிறத்தில் ஒரு திரை வந்தது. என்னவென்று படிப்பதற்குள் போய்விட்டது, வழக்கம்போல உபுண்டு திறந்துகொண்டது.

இப்போது மானிட்டரில் "நோ சிக்னல்". செட்டிங்ஸில் பழைய இரண்டு திரைகள்தான் தெரிகின்றன. டிரைவரின் கெர்னல் மாட்யூலான ஈவிடிஐயைக் கையால் ஏற்ற மாட்ப்ரோப் ஈவிடிஐ என்று கொடுத்துப் பார்த்தேன்: "குட் நாட் இன்சர்ட் ஈவிடிஐ: கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்". டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் இதே கதைதான்.

எங்கே பிசகு? இன்னொன்று, இதைச் சரிசெய்த பிறகு கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் மறுபடி உடையுமா?

தறிநாடா:

டிரைவரைத் திரும்பத் திரும்பப் போட வேண்டாம். நிறுவல் சரியாகவே நடந்திருக்கிறது. உள்ளே விடாமல் தடுப்பது செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் இல்லாத நிரலை ஏற விடாத பாதுகாப்பு. படிப்பதற்குள் போய்விட்டது என்கிறீர்களே அந்த நீலத் திரை, வேலை முடிய வேண்டிய இடமே அதுதான்.

இந்த வகை அடாப்டரில் படம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால், எங்கே அறுந்தது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அடாப்டருக்குள் இருக்கும் சிப்புக்கும் உங்கள் இன்டெல் கிராபிக்ஸுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஈவிடிஐ என்கிற கெர்னல் மாட்யூல் பொய்யாக ஒரு கிராபிக்ஸ் கார்டை உருவாக்கி வைக்கும். க்னோம் அதை உண்மையான கார்டு என்று எண்ணி அதில் படத்தை வரையும். டிஸ்ப்ளேலிங்க்மேனேஜர் என்ற பின்னணி நிரல் அந்தப் படத்தில் மாறிய பகுதிகளை மட்டும் எடுத்துச் சுருக்கி யூஎஸ்பி வழியாக அனுப்பும். அடாப்டரில் உள்ள சிப் அதை விரித்து எச்டிஎம்ஐ சிக்னலாக்கும். ஈவிடிஐ திறந்த மூலம், ஜிபிஎல் உரிமம். மேனேஜர் மூடிய நிரல், பைனரியாகத்தான் கிடைக்கும்.

ஈவிடிஐ மாட்யூலை டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்கிறது. அதனால் உபுண்டுவின் கெர்னலில் இருக்கும், அதை வெளியிடும் கேனானிக்கல் நிறுவனத்தின் கையொப்பம் அதில் இருக்காது. உங்கள் கணினியில் புதிதாக உண்டாக்கிய ஒரு சாவியால் டிகேஎம்எஸ் அதில் கையொப்பம் போடும். அந்தச் சாவியை நம்பலாம் என்று நீங்கள் ஃபர்ம்வேர் பக்கம் பதிவு செய்யாதவரை கெர்னல் மாட்யூலை ஏற்றாது. "கீ வாஸ் ரிஜெக்டட்" என்பதற்கு அர்த்தம் இதுதான். பழைய கெர்னல்களில் இதே இடத்தில் "ரிக்வயர்டு கீ நாட் அவெய்லபிள்" என்று வரும்.

இனிச் செய்ய வேண்டியது. கட்டளைகளை ஒலிக்கிறபடி எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

முதலில் மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட். "செக்யூர்பூட் எனேபிள்டு" என்று வரும். அடுத்து டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ். ஈவிடிஐ வரியில் உங்கள் கெர்னல் எண்ணும் "இன்ஸ்டால்டு" என்ற சொல்லும் இருக்க வேண்டும். "ஆடட்" என்று மட்டும் இருந்தால் கம்பைல் ஆகவில்லை என்று பொருள், அது வேறு நோய்.

பிறகு அந்தச் சாவியை (எம்ஓகே, அதாவது மோக் என்பது இதன் பெயர்தான்) பதிவுக்கு அனுப்புங்கள்: சூடோ மோக்யூடில் --இம்போர்ட் என்று கொடுத்து, இடைவெளி விட்டு /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/ என்ற ஃபோல்டரில் இருக்கும் எம்ஓகே.டெர் ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். ஃபைல் பெயரில் எம்ஓகே மூன்றும் பெரிய எழுத்து. டெபியன் 12-இல் இதற்குப் பதில் /வார்/லிப்/டிகேஎம்எஸ்/ ஃபோல்டரில் மோக்.பப் என்று இருக்கும். இரண்டு முறை பாஸ்வேர்ட் கேட்கும். இது ஒரே ஒரு தடவைக்கானது, உங்கள் லாகின் பாஸ்வேர்டோடு சம்பந்தமில்லை. 8 எழுத்துக்குக் குறையாமல், சிறிய எழுத்தும் எண்ணும் மட்டும் போதும். நீலத் திரையில் கீபோர்டு அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும். சிறப்புக் குறியீடு வைத்தால் அங்கே வேறு எழுத்தாக விழுந்து, "தவறு" என்று சொல்லும்போது ஏன் என்றே புரியாது.

மோக்யூடில் --லிஸ்ட்-நியூ கொடுத்து, கோரிக்கை காத்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது கையைக் கீபோர்டிலேயே வைத்திருங்கள். நீலத் திரையில் "பிரஸ் எனி கீ டு பெர்ஃபார்ம் மோக் மேனேஜ்மெண்ட்" என்று வந்து, 10 விநாடி கீழ்நோக்கி எண்ணும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். மெனுவில் மேலே இருக்கும் "கன்டின்யூ பூட்" வேண்டாம். "என்ரோல் மோக்", பிறகு "கன்டின்யூ", பிறகு "யெஸ்", பாஸ்வேர்ட், கடைசியில் "ரீபூட்". பாஸ்வேர்ட் அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது, அது இயல்புதான். 10 விநாடி தவறிவிட்டால் கோரிக்கை அழிந்துவிடும், இம்போர்ட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். உங்களுக்கு முதல் தடவை நடந்தது அதுதான்.

உள்ளே வந்ததும், ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலில் ஈவிடிஐ இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளேலிங்க்-டிரைவர். "ஆக்டிவ், ரன்னிங்" என்று இருக்க வேண்டும். இதை அடாப்டரைச் செருகிய நிலையில் பாருங்கள். செருகும்போதுதான் யூடெவ் (சாதனங்கள் செருகப்படுவதைக் கவனிக்கும் அமைப்பு) விதி அந்தச் சேவையைத் தொடங்கும், கழற்றினால் நிறுத்திவிடும். அடாப்டர் இல்லாதபோது "இன்ஆக்டிவ்" என்று பார்த்துப் பதறி டிரைவரை நீக்குகிறவர்கள் உண்டு.

பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் அதே கணினியில் பிட்லாக்கர் போட்ட விண்டோஸ் இருந்தால், அணைத்த பிறகு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அந்த எண் கையில் இல்லாமல் அணைக்காதீர்கள். சாவியைப் பதிவு செய்வது 5 நிமிட வேலை, அதுவே சிறந்தது.

கோடைமழை:

மிக்க நன்றி. நீலத் திரையில் நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனேன். உள்ளே வந்ததும் மூன்றாவது திரை தானாகவே எழுந்துவிட்டது, செட்டிங்ஸில் 1920×1080-ம் வந்துவிட்டது.

ஆனால் மவுஸ் அந்தத் திரைக்குப் போனதும் விட்டு விட்டு நகர்கிறது. விண்டோவைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே துண்டு துண்டாக வருகிறது. வீடியோ போட்டால் ஸ்லைடு ஷோ போல இருக்கிறது. மற்ற இரண்டு திரையிலும் எந்தக் குறையும் இல்லை. இது இந்த அடாப்டரின் இயல்பா, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா?

நங்கூரம்:

இயல்பு இல்லைங்க. நீங்க சொல்ற அறிகுறி அப்படியே யூஎஸ்பி 2.0 வேகத்துல ஓடுற அடாப்டருக்கு உரியது. எல்எஸ்யூஎஸ்பி -டி கொடுத்துப் பாருங்க. கிளை கிளையா ஒரு படம் வரும். டிஸ்ப்ளேலிங்க் இருக்கிற வரியோட கடைசியில 5000எம்னு இருக்கணும். 480எம்னு இருந்தா போர்ட்டோ, கேபிளோ, நடுவுல இருக்கிற ஹப்போதான் காரணம். அதுக்கு எந்த டிரைவர் மாத்தினாலும் மாறாது.

கணக்கு போட்டுப் பாருங்க. 1920×1080 திரை, ஒரு புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 60 தடவை. பெருக்கினா விநாடிக்கு ஏறக்குறைய 298 கோடி பிட். யூஎஸ்பி 2.0 காகிதத்துலயே 48 கோடிதான், கைக்கு வர்றது அதைவிடக் குறைவு. யூஎஸ்பி 3.0 கம்பியில 500 கோடி, அதுல எட்டு பிட்டைப் பத்து பிட்டா மாத்தி அனுப்புறதால பயன்படுறது 400 கோடி. டிஸ்ப்ளேலிங்க் சுருக்கி அனுப்புது, அதோட மாறின இடத்தை மட்டும்தான் அனுப்புது. அதனாலதான் யூஎஸ்பி 2.0-ல கூட டாக்குமெண்ட் படிக்கிறதுக்குப் படம் நிக்குது. முழுத் திரையும் மாறுற வேலை வந்தா, அதாவது வீடியோ, ஸ்க்ரோல், விண்டோ இழுக்கிறது, அங்கே மூச்சு வாங்கிடும்.

480எம் வந்தா பார்க்க வேண்டிய இடங்கள் இது:

லேப்டாப்ல எந்தப் பக்கத்து போர்ட்னு பாருங்க. நிறைய மாடல்ல ஒரு பக்கம் 3.0, இன்னொரு பக்கம் 2.0தான் இருக்கும். நீல நாக்கு இருந்தா 3.0னு சொல்லுவாங்க, ஆனா எல்லா கம்பெனியும் அந்த நிறத்தைப் பின்பற்றுறது இல்ல. போர்ட் பக்கத்துல எஸ்எஸ்னு முள்கரண்டிக் குறியோட போட்டிருக்கான்னு பாருங்க.

அடாப்டர்ல கேபிளைக் கழற்றி மாட்டுற வசதி இருந்தா கேபிள் மேலதான் முதல் சந்தேகம். டைப்-சி ரெண்டு முனையும் இருக்கிற போன் சார்ஜிங் கேபிள்ல பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 கம்பி மட்டும்தான் இருக்கும். வேகமான ஜோடிக் கம்பிகளே உள்ள இருக்காது. வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும்.

இன்னொண்ணு, பல பேருக்குத் தெரியாதது. பழைய அகல வடிவ யூஎஸ்பி 3.0 பிளக்ல 2.0 தொடுமுனை முன்னாடி இருக்கு, 3.0-க்கான அஞ்சு தொடுமுனை ஆழத்துல இருக்கு. மெதுவா அழுத்திச் செருகினா முன்னாடி இருக்கிறது முதல்ல தொட்டு, "இது 2.0 சாதனம்"னு கணினி முடிவு பண்ணிடும். பிறகு முழுசா உள்ள போனாலும் அந்த முடிவு மாறாம நிக்கலாம். கழற்றிட்டு ஒரே தள்ளுல உறுதியாச் செருகுங்க. செருகின உடனே எல்எஸ்யூஎஸ்பி -டி பாருங்க.

5000எம் வந்தும் திணறினா அப்பதான் சிபியூவைப் பார்க்கணும். சுருக்குற வேலை முழுக்க சிபியூ தலையிலதான். டாப் கட்டளையில டிஸ்ப்ளேலிங்க்மேனேஜர் எவ்வளவு எடுக்குதுன்னு தெரியும். முழுத்திரை வீடியோவை உள்திரையிலயோ நேரடி எச்டிஎம்ஐ திரையிலயோ போட்டுட்டு, இந்தத் திரையை எடிட்டர், மெயில், டெர்மினல் மாதிரி அதிகம் அசையாத வேலைக்கு வெச்சுக்கோங்க. இது சமாளிப்பு இல்ல, இந்தச் சிப்பை வடிவமைச்சதே அலுவலக வேலைக்குத்தான். விளையாட்டுக்கு இதை வாங்கவே வேண்டாம்.

கோடைமழை:

480எம்தான் காட்டியது. நடுவில் ஒரு சின்ன ஹப் இருந்தது. அதை எடுத்துவிட்டு இடதுபக்கப் போர்ட்டில் நேராகச் செருகினேன், 5000எம் வந்துவிட்டது. மவுஸ் இப்போது சீராக நகர்கிறது. வீடியோவும் சிறிய விண்டோவில் ஓடும்வரை நன்றாகவே இருக்கிறது.

பனங்காடு:

இதே இழையில் கேட்கலாமா? என்னிடம் இருப்பது மலிவான யூஎஸ்பி – விஜிஏ அடாப்டர். டிஸ்ப்ளேலிங்க் டிரைவர் போட்டேன், செக்யூர் பூட்டும் அணைத்திருக்கிறேன், ஈவிடிஐயும் ஏறுகிறது. ஆனால் எதுவும் தெரியவில்லை. எல்எஸ்யூஎஸ்பியில் 345எஃப் என்று வருகிறது. செருகினால் ஒரு சிடி டிரைவ் போல ஒன்று திறந்து, உள்ளே விண்டோஸ் செட்டப் ஃபைல் தெரிகிறது.

தறிநாடா:

அது டிஸ்ப்ளேலிங்க் சிப் அல்ல, அதனால் டிஸ்ப்ளேலிங்க் டிரைவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கடையில் எல்லாவற்றையும் "யூஎஸ்பி டிஸ்ப்ளே அடாப்டர்" என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். உள்ளே இருப்பது நான்கைந்து வகை. வாங்குவதற்கு முன்பு கேட்க வேண்டிய ஒரே கேள்வி "உள்ளே என்ன சிப்" என்பதுதான். பெட்டியிலிருந்து எடுத்ததும் பார்க்க வேண்டியது எல்எஸ்யூஎஸ்பியில் வரும் முதல் நான்கு எழுத்து.

17இ9 என்றால் டிஸ்ப்ளேலிங்க். அதிலும் இரண்டு தலைமுறை உண்டு. யூஎஸ்பி 2.0 காலத்து டிஎல்-120, 160, 165, 195 போன்றவற்றுக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. கெர்னலுக்குள்ளேயே யூடிஎல் என்ற டிரைவர் 2012-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. செருகிவிட்டு டிமெஸ்ஜி கட்டளையில் கெர்னல் செய்திகளைப் பார்த்தால் "இனிஷியலைஸ்டு யூடிஎல்" என்று ஒரு வரி வரும், படமும் வந்துவிடும். ஆனால் அது கம்பியில் 16 பிட் நிறம்தான் அனுப்பும், அதாவது 65,536 நிறம். வானம் போன்ற இடங்களில் பட்டை பட்டையாகத் தெரிவது அதனால்தான், மானிட்டர் பழுது அல்ல. யூஎஸ்பி 3.0 தலைமுறையான டிஎல்-3000, 5000, 6000 வரிசைகளுக்குத்தான் ஈவிடிஐயும் மேனேஜரும் வேண்டும்.

345எஃப் என்றால் மேக்ரோசிலிகான். எம்எஸ்912 வரிசைச் சிப்பாக இருக்கும். கெர்னலில் இதற்கு டிரைவர் இல்லை. ஆர்வலர்கள் சிப்பின் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதிய மாட்யூல் கிட்ஹப்பில் இருக்கிறது. எம்எஸ்912எக்ஸ் என்று தேடினால் கிடைக்கும். நீங்களே கம்பைல் செய்ய வேண்டும், கெர்னல் மாறும்போது மறுபடியும் செய்ய வேண்டும். நீங்கள் பார்த்த சிடி டிரைவ், விண்டோஸ் டிரைவரைச் சுமந்து வருவதற்காக அடாப்டருக்குள் வைத்த சிறு நினைவகம். லினக்ஸுக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை.

1டி5சி என்று வந்தால் ஃப்ரெஸ்கோ லாஜிக் எஃப்எல்2000. யூஎஸ்பி 3.0 – விஜிஏ என்று மிக மலிவாகக் கிடைப்பவற்றில் இது அதிகம். இந்தச் சிப் படத்தைச் சுருக்காது, புள்ளிகளை அப்படியே வாங்கி வெளியே தள்ளும். ஆகவே யூஎஸ்பியின் முழு வேகமும் இடைவிடாமல் வேண்டும். இதற்கும் கெர்னலில் டிரைவர் கிடையாது. வெளியே கிடைப்பவை புதிய கெர்னல்களில் கம்பைல் ஆவதே பாடு.

திருப்பிக் கொடுக்கும் நாள் கடக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதை உறுதியாகவே சொல்கிறேன். 345எஃப், 1டி5சி இரண்டையும் தினசரி வேலைக்கு நம்பி வைக்க முடியாது.

வாங்குமுன் இன்னொன்றும் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் டைப்-சி போர்ட் இருந்து, அதன் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட் மின்னல் குறியோ இருந்தால், இந்தத் தலைவலி எதுவுமே வேண்டாம். "ஆல்ட் மோட்" வகை டைப்-சி – எச்டிஎம்ஐ அடாப்டர் கிராபிக்ஸ் கார்டின் சிக்னலையே அந்தப் போர்ட் வழியாக வெளியே கொண்டுவருகிறது. டிரைவர் இல்லை, சிபியூ சுமை இல்லை, செக்யூர் பூட் பேச்சே இல்லை. லினக்ஸில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். டிஸ்ப்ளேலிங்க், அந்த வழி அடைபட்ட பிறகு.

நங்கூரம்:

கெர்னல் அப்டேட் பத்தி முதல் பதிவுல கேட்டிருந்தீங்க, அது விட்டுப்போச்சு. உடையும். எப்பவும் இல்ல, ஆனா உடையும். ஏன்னு சொல்றேன்.

லினக்ஸ் கெர்னலுக்குள்ள ஒரு பகுதி இன்னொரு பகுதியைக் கூப்பிடுற முறை பதிப்புக்குப் பதிப்பு மாறும். மாறாதுன்னு யாரும் உறுதி கொடுக்கிறதும் இல்ல. கிராபிக்ஸ் பக்கம் அது இன்னும் அடிக்கடி மாறும். கெர்னலுக்குள்ளேயே இருக்கிற டிரைவரை, மாத்துறவங்களே சேர்த்துத் திருத்திடுவாங்க. ஈவிடிஐ வெளியில இருக்கு, அது பின்னாடி ஓடி வரணும். 6.8-லேயே சின்னச் சின்னப் பாதுகாப்புத் திருத்தம் வந்தா டிகேஎம்எஸ் தானே மறுபடி கம்பைல் பண்ணிக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. சாவியும் அதேதான், நீலத் திரை மறுபடி வராது. சிக்கல் பெரிய தாவலுக்குத்தான்.

உபுண்டு 24.04-ல ரெண்டு தடம் இருக்கு. லினக்ஸ்-ஜெனரிக் பேக்கேஜ் போட்டிருந்தா கடைசி வரைக்கும் 6.8தான். புது வன்பொருளுக்காகக் கெர்னலை உயர்த்திக்கிட்டே போற லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04 போட்டிருந்தா 24.04.2 வந்தப்ப 6.11-க்கும், 24.04.3-ல 6.14-க்கும் தாவும். டெஸ்க்டாப் நிறுவல்ல பெரும்பாலும் ரெண்டாவதுதான் இருக்கும். டிஸ்ப்ளேலிங்க் நம்பி வேலை செய்யிறவங்க முதல் தடத்துல இருக்கிறது நல்லது. லினக்ஸ்-ஜெனரிக்கை நிறுவிட்டு, எச்டபிள்யூஇ பேக்கேஜை நீக்கிட்டு, புது கெர்னல் ஏற்கெனவே ஏறியிருந்தா ரீஸ்டார்ட்ல க்ரப் மெனுவுல (கெர்னலைத் தேர்ந்தெடுக்கிற தொடக்கத் திரை) 6.8-ஐத் தேர்ந்தெடுத்து, ஓடுற கெர்னல் எண்ணை யூநேம் -ஆர் கொடுத்துப் பாருங்க. லேப்டாப் ரொம்பப் புதுசா இருந்து வைஃபைக்கோ கிராபிக்ஸுக்கோ புது கெர்னல் கட்டாயம்னா இந்த வழி சரிப்படாது, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

உடைஞ்சா எப்படித் தெரியும்? ஆப்ட் அப்கிரேடு நடுவுல "பேட் எக்சிட் ஸ்டேட்டஸ்"னு ஒரு வரி. இல்லைன்னா ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் "நோ சிக்னல்". டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்ல புது கெர்னலுக்கு எதிரா ஈவிடிஐ இருக்காது. காரணம் /வார்/லிப்/டிகேஎம்எஸ்/ஈவிடிஐ/ உள்ள, பதிப்பு எண் ஃபோல்டர்ல, பில்டு ஃபோல்டர்ல இருக்கிற மேக்.லாக்ல இருக்கும். அந்த ஃபைலைக் கடைசியிலேர்ந்து படிக்காதீங்க. மேலேர்ந்து வந்து முதல்ல "எரர்" வர்ற இடத்தைப் பாருங்க, அதுக்குக் கீழ வர்றதெல்லாம் அதோட விளைவுதான்.

"ஹெடர்ஸ் கேனாட் பி ஃபவுண்ட்"னு இருந்தா அந்தக் கெர்னலுக்கு உண்டான லினக்ஸ்-ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்ல. நிறுவிட்டு சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் கொடுங்க. ஃபங்க்ஷன் ஆர்குமெண்ட் பத்தியோ, ஏதோ ஒரு மெம்பர் இல்லைன்னோ புலம்பினா ஈவிடிஐ பழசு. சினாப்டிக்ஸ் புது டிரைவர் விட்டிருக்கான்னு பாருங்க. அங்க இன்னும் வரலைன்னா ஈவிடிஐயோட கிட்ஹப் பக்கத்துல திருத்தம் முன்னாடியே வந்திருக்கும். ஆனா ஈவிடிஐயும் மேனேஜரும் ஒண்ணுக்கொண்ணு பதிப்பு ஒத்துப்போகணும். ஒண்ணை மட்டும் ரொம்ப முன்னால தள்ளிட்டா மேனேஜர் மறுத்துடலாம். /வார்/லாக்/டிஸ்ப்ளேலிங்க் ஃபோல்டர்ல அதைச் சொல்லும்.

22.04 வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு தனிக் கதை. 6.5 எச்டபிள்யூஇ கெர்னலை ஜிசிசி (கம்பைலர்) 12-ல கம்பைல் பண்ணியிருக்காங்க, 22.04-ல இயல்பா இருக்கிறது ஜிசிசி 11. மேக்.லாக்ல "அன்ரெகக்னைஸ்டு கமாண்ட்-லைன் ஆப்ஷன்"னு வந்தா ஈவிடிஐ மேல குற்றம் இல்ல. ஜிசிசி-12 பேக்கேஜை நிறுவிட்டு மறுபடி ஆட்டோஇன்ஸ்டால் போதும்.

அவசர வேலை நேரத்துல உடைஞ்சா எதையும் நோண்டாதீங்க. ரீஸ்டார்ட் பண்ணும்போது எஸ்கேப் விசையோ ஷிஃப்டோ அழுத்தி க்ரப் மெனுவுக்குப் போய், "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்"ல பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. அதுக்கு உண்டான ஈவிடிஐ ஏற்கெனவே கம்பைல் ஆகி இருக்கு, படம் வந்துடும். இதுக்காகத்தான், பழைய கெர்னலை நீக்கிடுற ஆப்ட் ஆட்டோரிமூவ் கொடுக்கிறதுக்கு முன்னாடி புது கெர்னல்ல மூணாவது திரை எழுந்துருச்சான்னு பார்க்கணும்.

கோடைமழை:

யூநேம் 6.8, பேக்கேஜும் லினக்ஸ்-ஜெனரிக்தான். அப்படியே விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் சில நேரம் இந்தத் திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் வருகிறது. பேட்டரியைச் சேமிக்கும் டிஎல்பி நிரலை நிறுவியிருக்கிறேன், அதனால் இருக்குமோ?

தறிநாடா:

முதல் சந்தேகம் டிஎல்பிதான். சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனங்களைத் தூங்க வைப்பது அதன் இயல்பான அமைப்பு. பவர்டாப் கட்டளையை ஆட்டோ-டியூனோடு ஓட்டுகிறவர்களுக்கும் இதே நிலைதான். அடாப்டரைத் தூக்கத்திலிருந்து விலக்கிவிடுங்கள். /ஈடிசி/டிஎல்பி.கான்ஃப் ஃபைலில் யூஎஸ்பி_டினைலிஸ்ட் என்ற வரி இருக்கும், எல்லாம் பெரிய எழுத்து. அதன் முன்னால் உள்ள ஹேஷ் குறியை எடுத்துவிட்டு, மேற்கோளுக்குள் எல்எஸ்யூஎஸ்பி காட்டும் முழு ஐடியையும், முக்காற்புள்ளிக்கு அப்பால் உள்ள நான்கையும் சேர்த்து, எழுதுங்கள். பழைய டிஎல்பியில் இந்த வரியின் பெயர் யூஎஸ்பி_பிளாக்லிஸ்ட். பிறகு சூடோ டிஎல்பி ஸ்டார்ட்.

எடுத்துக்கொண்டதா என்று பார்க்க சூடோ டிஎல்பி-ஸ்டாட் -யூ. அடாப்டரின் வரியில் கன்ட்ரோல் "ஆன்" என்று இருக்க வேண்டும். "ஆட்டோ" என்று இருந்தால் ஐடியைத் தவறாக அடித்திருக்கிறீர்கள்.

அதன் பிறகும் எப்போதாவது கறுப்பாக வந்தால் கேபிளைப் பிடுங்க வேண்டியதில்லை. சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டிஸ்ப்ளேலிங்க்-டிரைவர் கொடுத்தால் மேனேஜர் சிப்போடு மறுபடி பேசத் தொடங்கும். அந்தத் திரையில் திறந்திருந்த விண்டோக்கள் ஒருகணம் மற்ற திரைகளுக்குத் தாவும். அதனால் கட்டளை கொடுப்பதற்கு முன்பு திறந்திருக்கும் ஃபைல்களைச் சேமித்துக்கொள்ளுங்கள்.